2020இல் உலகமே முடங்கியும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறையாதது ஏன்?

கேள்வி: செங்காந்தள்

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். காலநிலை மாற்றம் குறித்த பாடத்தை முடித்தபோது மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியை, அரைகுறையாக விடை சொல்லிக் கடந்துவிடக் கூடாது என்பதால், இங்கே முன்வைக்கிறேன்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக விமானங்கள் நின்றன, ஆலைகள் மூடப்பட்டன, சாலைகள் வெறிச்சோடின. பஞ்சாபின் ஜலந்தர் நகரத்து மொட்டைமாடிகளிலிருந்து இமயத்தின் தௌலாதார் மலைத்தொடர் தெரிந்த படங்களை அப்போது எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஹவாய்த் தீவின் மவுனா லோவா ஆய்வகத்தில் அளக்கப்படும் கார்பன் டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி, 2019இல் ஏறத்தாழ 412 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 412 பங்கு) ஆக இருந்தது, 2020இல் 414 ஆக உயர்ந்தது. "உலகத்தையே பூட்டி வைத்தும் குறையாத ஒன்றை, நாம் சைக்கிளில் பள்ளிக்கு வருவதாலும் விளக்கை அணைப்பதாலும் எப்படிக் குறைக்க முடியும்?" என்பதே அவள் கேட்டது. வகுப்பில் பலருக்கும் அதே எண்ணம் இருந்ததை அவர்கள் முகத்தில் கண்டேன். பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்போதே கைவிட்டுவிடும் மனநிலைக்குப் போவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்விகள். 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அப்படியானால் உயர்வை அந்த வரம்புக்குள் நிறுத்த முயல்வதாக நாடுகள் ஒப்புக்கொண்ட பாரிஸ் உடன்படிக்கையின் இலக்கு முடிந்துபோன கதையா? உமிழ்வை உண்மையிலேயே பெரிய அளவில் குறைக்கக்கூடிய வழிகள் எவை? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நெடுவானம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வளிமண்டல அறிவியல் படித்தவன் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியும். மூன்றாவதை அந்தந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்வதே முறை.

அந்த மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்திருப்பதை மட்டும் முதலில் பிரித்துக் காட்டிவிடுங்கள். ஜலந்தரின் வானத்தை மறைத்திருந்தவை தூசியும் புகைத்துகளும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும். அவை காற்றில் தங்குவது நாள்கணக்கில்தான், மிஞ்சினால் வாரக்கணக்கில். வெளியாவது நின்றதும் காற்றும் மழையும் சேர்ந்து வானத்தைத் தெளிவாக்கிவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடு அப்படிப்பட்டதன்று. அதற்கு நிறமோ மணமோ இல்லை. வெளியாவதில் ஒரு பகுதியைக் கடலும் காடுகளும் மண்ணும் இழுத்துக்கொள்ள, எஞ்சியதில் கணிசமான பங்கு பல நூற்றாண்டுகளுக்குக் காற்றிலேயே தங்கிவிடுகிறது. நாம் இன்று மூச்சில் இழுக்கும் காற்றில், 1882இல் லண்டனின் ஹோல்போர்ன் வயடக்ட் மின் நிலையம் எரித்த நிலக்கரியிலிருந்து வந்த கார்பனும் இருக்கிறது.

ஆகவே உமிழ்வு என்பது ஏரிக்கு வரும் நீர்வரத்து. மவுனா லோவாவில் அளக்கப்படுவது ஏரியில் நிற்கும் நீர்மட்டம். வரத்து இருபதில் ஒரு பங்கு குறைந்தால் ஏரியின் மட்டம் இறங்காது, ஏறும் வேகம் மட்டும் சற்றே குறையும். 2020இல் நடந்ததும் அதுவே. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், முடக்கம் உச்சத்தில் இருந்த நாள்களில், உலகின் அன்றாட உமிழ்வு 2019இன் சராசரியைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் குறைவு 5 விழுக்காட்டை ஒட்டியதாகவே இருந்தது. நாம் வீட்டில் அடைந்துகிடந்தபோதும் அனல்மின் நிலையங்கள் எரிந்துகொண்டிருந்தன, உருக்கு உலைகள் பெரும்பாலும் அணையவில்லை, நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளும் மின்விசிறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தனிமனிதர்களின் நடமாட்டத்தை நிறுத்துவதால் மட்டும் எவ்வளவு குறையும் என்பதற்கு உலகம் விரும்பாமலே நடத்திப் பார்த்த சோதனை அது.

வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்ட ஒரு கணக்குத் தருகிறேன். வளிமண்டலத்தில் 1 பிபிஎம் உயர வேண்டுமானால் ஏறத்தாழ 780 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு சேர வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து உலகம் ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவுக்கு வெளியிடுகிறது. காடழிப்பு போன்ற நிலப் பயன்பாட்டு மாற்றங்களால் ஏறத்தாழ 400 கோடி டன் கூடுகிறது. மொத்தத்தில் பாதியைக் கடலும் நிலமும் எடுத்துக்கொள்ள, மீதிப் பாதி காற்றில் நிற்கிறது. அதனால்தான் ஆண்டுக்கு 2.5 பிபிஎம் அளவில் உயர்வு நிகழ்கிறது. பெருந்தொற்று ஆண்டில் குறைந்தது ஏறத்தாழ 200 கோடி டன். அதில் பாதி 100 கோடி டன். பிபிஎம்மில் சொன்னால் 0.13. பசிபிக் கடல்நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருவதாலும் போவதாலும் ஆண்டுக்கு ஆண்டு இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கமே இதைவிடப் பல மடங்கு பெரியது. வட அரைக்கோளத்துத் தாவரங்கள் தளிர்ப்பதாலும் உதிர்வதாலும் ஒரே ஆண்டுக்குள் மே மாத உச்சத்துக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் தாழ்நிலைக்கும் இடையே மவுனா லோவாவில் 6 பிபிஎம்முக்கு மேல் வேறுபாடு இருக்கும். அந்த வரைபடத்தில் 2020இன் குறைவைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க இயலாததற்குக் காரணம் இதுதான். 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அளவு 315ஐ ஒட்டி இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்பு ஏறத்தாழ 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இனி 1.5 டிகிரி. பாரிஸ் உடன்படிக்கை பேசுவது நீண்டகாலச் சராசரியைப் பற்றி. 2024இல் எல் நினோவின் தாக்கமும் சேர்ந்திருந்தது. அந்த ஓர் ஆண்டு ஏறத்தாழ 1.55 டிகிரியைத் தொட்டதால் உடன்படிக்கை முறிந்ததாகப் பொருளில்லை. ஆனால் நீண்டகாலச் சராசரியும் அந்த வரம்பை விரைவில் கடக்கவிருக்கிறது என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். அதைக் கடந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர்கள் எண்ணாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். 1.5 என்பது மலை விளிம்பு அன்று. 1.6 டிகிரி 1.7ஐவிட நல்லது, 1.7 டிகிரி 1.8ஐவிட நல்லது, வெள்ளமும் வறட்சியும் பவளப் பாறைகளின் அழிவும் ஒவ்வொரு படிக்கும் கூடிக்கொண்டே போகின்றன.

இதில் எனக்கே மிகுந்த நம்பிக்கை தரும் உண்மை ஒன்று உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி, காற்றில் கலக்கப்படும் ஒவ்வொரு லட்சம் கோடி டன் கார்பன் டை ஆக்சைடும் புவியை ஏறத்தாழ 0.45 டிகிரி சூடாக்குகிறது. 1850 முதல் 2019 வரை மனிதர்கள் வெளியிட்டது ஏறத்தாழ 2.4 லட்சம் கோடி டன். பெருக்கிப் பாருங்கள், இதுவரை நாம் கண்ட வெப்ப உயர்வுக்கு மிக அருகில் வந்து நிற்கும். இந்த நேர் விகிதத்தின் மறுபக்கம், நிகர உமிழ்வு சுழியத்தை எட்டினால், அதாவது காற்றில் சேர்ப்பதும் காற்றிலிருந்து எடுப்பதும் சமமானால், வெப்பநிலை மேற்கொண்டு உயர்வதும் ஏறக்குறைய நின்றுவிடும் என்பது. பழைய நிலைக்குத் திரும்பாது, கடல்மட்டம் நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆயினும் வெப்பம் எங்கே நிற்கும் என்பது இனி நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பதில்: முப்பந்தல்காற்று

மேலே நெடுவானம் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். நடமாட்டத்தை நிறுத்துவது வழியன்று என்றால், எரிப்பதையே மாற்றுவதுதான் வழி. அதில் முதலிடம் மின்சாரத்துக்கு. உலகின் உமிழ்வில் மிகப் பெரிய தனிப் பங்கு அதனுடையது என்பது ஒரு காரணம். போக்குவரத்து, சமையல், ஆலைகளின் வெப்பத் தேவை ஆகியவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொரு காரணம். மின்சாரம் தூய்மையானால் அவையும் சேர்ந்தே தூய்மையாகும்.

இது நடக்கக்கூடியதுதானா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது பிரிட்டனை. பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய முதல் நிலக்கரி மின் நிலையம் அங்கேதான் தொடங்கியது. 2012இல்கூட அந்நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. கார்பனுக்கு அரசு விதித்த குறைந்தபட்ச விலை, வட கடலில் நிறுவிய காற்றாலைகள், எரிவாயுவுக்கு மாறியது ஆகிய எல்லாம் சேர்ந்து, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையம் மூடப்பட்டபோது நிலக்கரி மின்சாரம் அங்கே முற்றாக முடிவுக்கு வந்தது. ஐந்தில் இரண்டிலிருந்து சுழியத்துக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள். அதன் பல ஆலைகள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் மின் நிலையத்தை அப்படி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாதே. அங்கே நிகழ்ந்த குறைவு மெய்யான குறைவு.

நம் நாட்டு நிலையைச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். 2025ஆம் ஆண்டின் நடுவில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களுக்கு வந்துவிட்டது. 2030க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்கூட்டியே எட்டப்பட்டது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியத் தகடு இரவில் உறங்கும். காற்றாலை காற்றில்லாத மாதத்தில் நிற்கும். ஆண்டு முழுவதும் உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டுகளைக் கணக்கிட்டால், அண்மைக்காலம் வரை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

நான் வேலை பார்க்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் இதை நேரில் காணலாம். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று ஏறத் தொடங்கும். ஆடியில் கோபுரத்தின் உச்சியிலுள்ள இயந்திர அறைக்குள் நின்றால், பராமரிப்புக்காக இறக்கைகளைப் பூட்டி வைத்திருக்கும்போதுகூடக் கால் தளம் அதிர்வது தெரியும். செப்டம்பர் வரை இந்தக் கணவாயும் செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களும் மாநிலத்துக்கு அள்ளிக் கொடுக்கும். தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆனால் இங்கே மிக நல்ல காற்று வீசும் இடங்களில் நிற்பவை தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அவற்றின் கோபுரம் குட்டை, இறக்கை சிறியது. இன்று நிறுவப்படும் ஓர் இயந்திரம் 2,000 முதல் 3,000 கிலோவாட் வரை தரும். பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை நட்டால் அதே நிலத்தில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். நிலம் துண்டு துண்டாகப் பலருக்குச் சொந்தமாக இருப்பதும், துணைமின் நிலையமும் மின்பாதையும் கூடுதல் மின்சாரத்தைத் தாங்காததும், பழைய உடன்பாட்டின் சலுகைகளை விட உரிமையாளர்களுக்கு மனம் வராததும் தடைகள். தொழில்நுட்பம் காத்திருக்கிறது, தடங்கல் முழுவதும் கணக்குவழக்கிலும் கம்பியிலும்தான்.

அடுத்து, சேமிப்பு. நண்பகலில் சூரிய மின்சாரம் மிகும். மாலை ஆறரை மணிக்கு மேல் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும்போது அது இருக்காது. இந்த இடைவெளியை நிரப்பாதவரை நிலக்கரியை அணைக்க முடியாது. ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் எண்பதுகளின் இறுதியிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது: மின்சாரம் மிகும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தா பகுதியில் 500 மெகாவாட் திட்டம் நெடுங்காலமாகக் கட்டுமானத்தில் இருக்கிறது. இத்தகைய திட்டங்களில் ஏற்படும் ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் அவ்வளவு நிலக்கரியாக எரிகிறது என்பதை எவரும் பேசுவதில்லையே என்பது என் மனக்குறை. பேட்டரி விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்திருப்பதால் மாலை நேரத் தேவைக்கு அதுவும் இப்போது கைகொடுக்கிறது. சூரியத் தகடுகளின் விலையோ 2010ஐ ஒப்பிடப் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. நான் இத்துறையில் சேர்ந்த காலத்தில் யாரும் எதிர்பாராத வீழ்ச்சி அது.

செங்காந்தள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏரிக் கணக்கை அப்படியே வகுப்பில் பயன்படுத்தப்போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம். அது போதும் என்று பெற்றோர் பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் குலைக்காமல் உண்மையை எப்படிச் சொல்வது? "அமெரிக்கா எரித்ததற்கு நாம் ஏன் குறைக்க வேண்டும்?" என்றும் ஒரு மாணவன் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பதில்: அலையாத்தி

மாணவன் கேட்டதில் நியாயம் நிச்சயமாக இருக்கிறது, அம்மா. இதுவரை காற்றில் சேர்ந்த புதைபடிவக் கார்பனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றே வெளியிட்டது. இந்தியாவின் பங்கு 3 விழுக்காட்டை ஒட்டியது. இன்றைய தலைவீதக் கணக்கிலும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன், சீனர் 8 டன்னுக்கு மேல், இந்தியர் 2 டன். 1992இல் ரியோ மாநாட்டில் நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. காலநிலைச் சட்டக உடன்படிக்கையே, நாடுகளின் பொறுப்பு பொதுவானது, ஆனால் வேறுபட்டது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே பணக்கார நாடுகள் முதலில், விரைவாகக் குறைக்க வேண்டும் என்பதும் ஏழை நாடுகளுக்குப் பணம் தர வேண்டும் என்பதும் பிச்சை கேட்பதாகாது. அது அவர்கள் பட்ட கடனைத் திருப்பிக் கேட்பது. காலநிலை மாற்றத்தால் ஏழை நாடுகளுக்கு ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்குமான தனி நிதியம் 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவானது. அதில் சேரும் தொகை தேவைக்கு முன்னால் மிகச் சிறியது. 2024இல் அசர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்ட, 2035க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற இலக்கையும் போதாது என்று இந்தியா அந்த அவையிலேயே மறுத்துப் பேசியது.

ஆயினும் நாம் குறைப்பதற்கு வேறொரு காரணமும் அந்த மாணவனுக்குத் தெரிய வேண்டும். இன்று உலகில் ஆண்டுக்கு மிகுதியாக வெளியிடும் நாடுகளில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நாம் நிற்கிறோம். வெயிலில் வேலை செய்யும் கோடிக்கணக்கான மக்களும், பருவமழையையே நம்பிய வேளாண்மையும், நீண்ட கடற்கரையும் நமக்குத்தான் இருக்கின்றன. நிலக்கரியை இறக்குமதி செய்யும் ஒரு நாட்டுக்குச் சூரிய மின்சாரம் மலிவாகவும் கிடைக்கும்போது, பிறர் முதலில் செய்யட்டும் என்று காத்திருப்பதில் நமக்கே இழப்பு.

மரக்கன்று பற்றி: நடுவதை நிறுத்த வேண்டாம். நிழலும் குளுமையும் பறவைகளும் மண்ணரிப்புத் தடுப்பும் அதனால் கிடைக்கும் நன்மைகள். ஆனால் மரம் தன் உடலில் சேர்க்கும் கார்பன் அது வெட்டப்படும்போதும் எரியும்போதும் மட்கும்போதும் காற்றுக்கே திரும்புகிறது. நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் பூட்டிக் கிடந்தது. அதை எரித்துவிட்டு அதற்கு ஈடாக மரம் வைப்பதென்றால், அந்த மரங்கள் என்றென்றைக்கும் நின்றாக வேண்டும். புதிய கன்றுகளைவிட ஏற்கெனவே இருக்கும் காட்டைக் காப்பதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாகப் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள அலையாத்திக் காடுகள், ஆக்சிஜன் எட்டாத சேற்றுக்குள் கார்பனைப் புதைத்து வைக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு வேறோரிடத்தில் கன்று நட்டால் அது ஈடாகாது. இதைச் சொன்னால் பெற்றோரின் நம்பிக்கை குலையாது. அவர்கள் நட்ட மரத்தின் மதிப்பும் குறையாது.

பதில்: கழனி

இதுவரை கார்பன் டை ஆக்சைடு பற்றியே பேசப்பட்டது. டெல்டாவில் நெல் பயிரிடுபவன் என்பதால் மீத்தேனைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அது காற்றில் தங்குவது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே. ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடாக்கும். நெடுவானம் சொன்ன ஏரிக்கணக்கு இதற்கு வேறாகப் பொருந்தும்: வெளியிடுவதைக் குறைத்தால் காற்றில் இருக்கும் அளவும் சில பத்தாண்டுகளில் மெய்யாகவே இறங்கிவிடும். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கசிவு, நிலக்கரிச் சுரங்கம், குப்பைக் கிடங்கு, கால்நடை, நெல் வயல் ஆகியவை முக்கிய மூலங்கள். கசிவை அடைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி. பிடித்த வாயுவை விற்கவும் செய்யலாம். அதை முதலில் செய்யாமல் உழவனின் வயலுக்கு வருவது சரியில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் நெல்லின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடுதான்.

இருந்தாலும் எங்கள் கையில் ஒரு வழி இருக்கிறது. வயலில் நீர் தொடர்ந்து தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. அங்கே வளரும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்க, அது நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறி வெளியேறும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மண் மூச்சு விடும், மீத்தேன் பாதியளவுக்குக்கூடக் குறையும். செய்முறை எளிது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் போகும்படி வரப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி நட்டு, உள்ளிருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு வயலின் அடிநீர் அந்தக் குழாய்க்குள் தெரியும். ஓர் அளவுகோலை விட்டுப் பார்த்து, தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்ச வேண்டும். மேலே வயல் வெடிப்பு விடும் நிலையில் தெரிந்தாலும் வேருக்கு நீர் எட்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. விளைச்சல் குறைவதில்லை, மோட்டார் ஓடும் நேரமும் மிச்சமாகிறது.

இவ்வளவு நல்லதாக இருந்தும் எல்லோரும் ஏன் செய்வதில்லை? ஆழ்துளைக் கிணறு உள்ளவர் செய்துவிடுவார். வாய்க்கால் கடைமடையில் இருப்பவரோ, வந்த நீரை வடித்துவிட்டு அடுத்த முறை வருமா வராதா என்று எதை நம்பிக் காத்திருப்பார்? மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்கு நீர் வந்து சேரும் நாளை உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இருக்கும்வரை, அவர் வயலில் நீரைத் தேக்கி வைக்கத்தான் செய்வார். முறைப் பாசனத்தைச் சொன்ன நாளில் சொன்னபடி நடத்துவதும், வாய்க்கால்களைத் தூர்வாருவதும் காலநிலை நடவடிக்கைகள் என்று எந்தத் திட்ட அறிக்கையிலாவது எழுதினால் நான் மகிழ்வேன். இன்னொன்று: மாறி மாறிக் காய்ந்து நனையும் வயலில் யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடும், அதுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கொடிய பசுங்குடில் வாயுதான். உரத்தைப் பிரித்துப் பிரித்து இட வேண்டும்.

பதில்: முப்பந்தல்காற்று

கழனி அவர்கள் சொன்னது எனக்குப் புதிய செய்தி. சிமென்டைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாக ஒன்று: உலக உமிழ்வில் 7, 8 விழுக்காடு அதனுடையது, அதிலும் பெரும்பகுதி எரிபொருளால் வருவதன்று, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே பிரிந்து வருவது. எனவே தூய மின்சாரத்தால் மட்டும் தீராது. அப்படிச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கர் என்ற மூலப்பொருளின் அளவைக் குறைக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) வகை சிமென்ட் வீட்டு வேலைக்குப் போதுமானது. சாம்பல் கலக்காத சாதாரண சிமென்டான 53 கிரேடு ஓபிசி (OPC) தான் வேண்டும் என்று மேஸ்திரிகள் வற்புறுத்துவது பெரும்பாலும் விரைவாக இறுகும் என்பதற்காக. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த புதுவகை சிமென்டில் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ஆய்வு செய்திருக்கின்றன. அதில் உமிழ்வு 40 விழுக்காடு வரை குறையும்.

வகுப்புக்கு ஒரு பயிற்சியையும் முன்மொழிகிறேன். மாணவர்கள் ஒவ்வொருவரும் வீட்டு மின்கட்டண அட்டையைக் கொண்டுவரட்டும். நம் நாட்டு மின்தொகுப்பின் சராசரிப்படி ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இரு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் 280 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.7 கிலோ, 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளைக்கு ஏறத்தாழ 42 கிலோ. பிறகு அதே யூனிட்டுகளைக் காற்றாலையிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ எடுத்தால் அந்த 280 என்னவாகும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். விளக்கை அணைப்பதால் குறைவது எவ்வளவு, மின்சாரத்தின் மூலத்தை மாற்றுவதால் குறைவது எவ்வளவு என்பதை அவர்களே எண்ணாகக் காண்பார்கள்.

செங்காந்தள்

மிக்க நன்றி. மின்கட்டண அட்டையை அடுத்த வாரமே கொண்டுவரச் சொல்கிறேன். மாணவர்கள் போடும் கணக்கையும் பள்ளிக் கட்டடத்தின் மின்கட்டணத்தையும் சேர்த்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, மொட்டைமாடியில் சூரியத் தகடு அமைக்கக் கோரி ஒரு விண்ணப்பம் தயாரிக்கலாம் என்று எண்ணுகிறேன். அதற்குக் கூரையின் பரப்பைத் தவிர வேறு என்னென்ன விவரங்கள் வேண்டும் என்று முப்பந்தல்காற்று அவர்கள் சொல்ல முடியுமா?

முப்பந்தல்காற்று

கட்டாயம். தெற்கு நோக்கி நிழல் விழாத பரப்பு எவ்வளவு, கூரை எந்த ஆண்டு கட்டியது, ஒப்பளிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட், கடந்த ஓராண்டின் கட்டண விவரம் ஆகிய நான்கும் போதும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி வேண்டும். அருகில் தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அதன் நிழல் எதுவரை வருகிறது என்று மாணவர்களையே சுண்ணக்கட்டியால் தரையில் கோடிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். அதை வைத்து எத்தனை தகடு வைக்கலாம் என்று நான் கணக்கிட்டுத் தருகிறேன்.